மீன் வாங்காத வீடு

அத்தியாயம் 6

"கண்டுபிடிங்க தியாகேசன். ஆனா நீங்க கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னுதான் நான் சாமியைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார் டி.எஸ்.பி. நெடுமாறன்.

காலையிலேயே இப்படிக் குழப்பினால் மனுஷி என்ன செய்வாள்? நான் காபியைக் குடித்தேன்.

தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் ஆபீஸ். வாசலில் 'தியாகேசன் துப்பறியும் நிலையம்' என்று போர்டு. துப்பறிவது அவர். போர்டைத் துடைப்பது, போன் எடுப்பது, அவர் எங்கோ வைத்துவிட்டுத் தேடும் மூக்குக்கண்ணாடியைத் துப்பறிவது எல்லாம் மலர்க்கொடியாகிய நான். வருகிற கேஸில் முக்கால்வாசி 'மாப்பிள்ளை குடிப்பாரா' ரகம். போலீஸே மாடிப்படி ஏறி வந்தது அன்றைக்குத்தான்.

"ஜெயபால்னு ஒரு மீனவர்," என்று ஆரம்பித்தார் நெடுமாறன். "அதிராம்பட்டினத்துக்குத் தெக்க ஒரு கடற்கரைக் கிராமம். அவரு மகன் இளவழகன் ஒரு விசைப்படகுல வேலைக்குப் போனான். அந்தப் படகுல மீன் இல்லாத என்னென்னமோ மூட்டை ஏத்தினாங்க. 'நான் தொட மாட்டேன்'னு சொல்லியிருக்கான். நடுக்கடல்ல அடிச்சுத் தண்ணியில தள்ளிட்டாங்க. பக்கத்துப் படகுல இருந்து ஜெயபால் அதைக் கண்ணால பாத்தார்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பையனோட உடம்பு இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. படகு முதலாளி ஜெயில்ல இருக்கான். நாளைக்குக் காலையில ஜெயபால் இங்க தஞ்சாவூர் கோர்ட்டுல சாட்சி சொல்லணும். அவரை விட்டா வேற சாட்சி கிடையாது."

"அவரு எங்க?" என்றார் தியாகேசன் சார்.

"நேத்தே கூட்டிட்டு வந்துட்டேன், பத்திரமா இருக்கார். அவர் மனைவியும் பொண்ணும்தான் வெளியில. மாசி மாசத்துலேர்ந்து பேரை மாத்தி ஊரை மாத்தி அந்தக் குடும்பத்தை ஒளிச்சு வெச்சிருக்கேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். எந்தக் கிராமம்னு என் டிரைவருக்குக்கூடத் தெரியாது."

"வாசல்ல காவலுக்கு ஆள் போட்டிருக்கீங்களா?"

"கிராமத்துல ஒரு வீட்டு வாசல்ல போலீஸ் நின்னா, அதைவிடப் பெரிய விலாசம் வேணுமா?"

"அப்புறம் என்ன சார் பயம்?" என்றேன் நான்.

நெடுமாறன் என்னைப் பார்த்தார். "ஜெயில்ல இருக்கிறவன் ஒரு வாரமா சிரிச்சுக்கிட்டு இருக்கான்மா. அவன் சிரிக்க ஒரு காரணமும் இல்லை. அதான் பயம். என் ஆளுங்களை அனுப்பினா நாலு பேருக்குத் தெரியும். நீங்க வெளியாளு. உங்களுக்கு இன்னைக்குப் பகல் பூரா தர்றேன். நீங்க கண்டுபிடிச்சுட்டா அவனாலயும் முடியும். உடனே இடம் மாத்திடறேன். அந்த ரெண்டு பொம்பளைங்க மேல ஒரு கை பட்டாலும் ஜெயபால் வாயைத் திறக்க மாட்டார்."

---

ஐப்பசித் தூறலில் ஸ்கூட்டரை நான் ஓட்ட, சார் பின்னால் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குடை அவருக்கு மட்டும்தான் என்பதைச் சொல்லவே வேண்டாம். வடுவூர் ஏரி தாண்டியதும் இரண்டு பக்கமும் தாளடி நடவு. நட்ட வயல், நடாத வயல், நட்டுக்கொண்டிருக்கிற வயல்.

"எங்க சார் தேடறது? வீடு வீடாப் போயி 'நீங்க ஒளிஞ்சிருக்கீங்களா'ன்னு கேப்போமா?"

"ஒளிஞ்சிருக்கிறவங்க என்ன செய்யறாங்கன்னு தேடினா ஆயுசு பத்தாது மலர். என்ன செய்யாம இருக்காங்கன்னு தேடணும். கடற்கரைக் குடும்பத்தை நெல்லுக்காட்டுல ஒளிச்சு வெச்சா போலீஸ் முதல்ல என்ன சொல்லியிருக்கும்?"

யோசித்தேன். "கடல் மீனைக் கண்டாலும் காணாத மாதிரி இருங்கன்னு."

"அதேதான். செவுளைத் தூக்கிப் பாக்கிற பாங்குலயே குட்டு வெளிப்பட்டுடும். அதனால அவங்க வாங்க மாட்டாங்க. ஆனா மனசுன்னு ஒண்ணு இருக்கே. ஹாரன் சத்தம் கேட்டா கால் தானா வாசலுக்கு வரும். வாசலுக்கு வந்து, பாத்து, வாங்காம உள்ள போற வீடு. அதைத்தான் தேடறோம்."

சார் நாகப்பட்டினத்துக்காரர். கடலைப் பற்றி அவர் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பேசுவேன்.

மன்னார்குடியில் முதலில் அகப்பட்ட மீன்காரர், "வாங்காத வீட்டு வாசல்ல நான் ஏன் நிக்கப் போறேன்? எனக்கு என்ன வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். அடுத்தவர் ஒரு அம்மா. மீன் வாங்காமல் தகவல் கேட்கிற ஜாதியை அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தது. கால் கிலோ நெத்திலியோடுதான் அங்கிருந்து தப்பினோம்.

மூன்றாவது ஆள் ஊருக்கு வெளியே ஒரு டீக்கடையில், புங்கமரத்தடியில் இருந்தார். மொபெட்டின் பின்னால் நீலப்பெட்டி, கைப்பிடியில் ரப்பர் குமிழ் ஹாரன். பேர் செல்லத்துரை என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அதிராம்பட்டினம் கடக்கரைங்க. மூணு தலைமுறையா மீனுதான். என்ன வேணும்? வஞ்சிரம் இருக்கு, பாருங்க."

விலையைக் கேட்டதும் எனக்கே நாக்கில் நீர் ஊறியது. தஞ்சாவூரில் இந்த விலைக்கு வாலைக்கூடக் காட்ட மாட்டார்கள். "இப்படி வித்தா உங்களுக்கு என்னண்ணே நிக்கும்?" என்றேன்.

"ஜனங்க சந்தோஷமாச் சாப்பிட்டாப் போதும் தங்கச்சி. நான் போகாத ஊரே கிடையாது."

"அப்படியும் வாங்காத வீடு இருக்குமே," என்று சார் மெல்லத் தூண்டினார்.

"ஒரே ஒரு வீடு இருக்கு சார். சித்தேரிமங்கலத்துல வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒத்தை வீடு. ஊருல அதைப் பேய் வீடும்பாங்க. நான் ஹாரன் அடிச்சா ஒரு அம்மா வந்து நிக்கும். பொட்டியை எட்டிப் பாக்கும். வாங்காது."

"பேசுவாங்களா?"

"பேசும் பேசும். தினமும் ஒரே கேள்விதான். 'பாடு எப்படி?'ன்னு கேக்கும். 'நம்ம பாடு என்னம்மா, நாய்படாத பாடுதான்'னு நானும் சொல்லுவேன். உடனே முகம் செத்துப்போயிடும். உள்ள போயிடும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சார் சிரிக்கவில்லை. அவர் கண் பளபளவென்று ஆகிவிட்டது. வீட்டில் எத்தனை பேர், எந்தப் பக்கம் வாசல் என்று அடுக்கிக்கொண்டே போனார். கிளம்பும்போது பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்துச் செல்லத்துரை கையில் கொடுத்தார். யாரைப் பார்த்தாலும் கார்டு கொடுப்பது அவருக்கு ஒரு வியாதி. பஸ் கண்டக்டருக்குக்கூடக் கொடுத்திருக்கிறார்.

ஸ்கூட்டர் நகர்ந்ததும் என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "கிடைச்சுட்டாங்க!"

"எப்படி சார்? அந்தம்மா நலம் விசாரிச்சிருக்கு. அவ்வளவுதானே?"

"உனக்கு அது நலம். கரையோரத்துல 'பாடு'ன்னா வலையில விழுந்த மீனு. மீன்பாடு. 'இன்னைக்குப் பாடு எப்படி'ன்னா கடல் இன்னைக்கு என்ன குடுத்துச்சுன்னு அர்த்தம். மீன்காரனைப் பாத்ததும் விலை கேட்டா அவ வயக்காட்டுக்காரி. பாடு கேட்டா அவ கடக்கரைக்காரி. எல்லாத்தையும் மாத்திக்கிட்ட பொம்பளைக்கு அந்த ஒரு வார்த்தை நாக்குல தங்கிப்போச்சு."

அவர் மேல் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தையை வைத்து ஒரு வீட்டைப் பிடிக்க வேறு யாரால் முடியும்?

---

சித்தேரிமங்கலத்தில் வாய்க்கால் மதகு ஓரம் ஸ்கூட்டரை நிறுத்தினோம். அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்கு முன்னால் ஓட்டு வீடு ஒன்று தனியாக நின்றது. கோலம் இல்லை, கொடியில் துணி இல்லை, கூரை மேல் ஒரு காக்காய்கூட இல்லை. மதகுக்கு இந்தப் பக்கம் நடவு நடந்துகொண்டிருந்தது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட பெண்கள் ஒரு பத்திருபது பேர். வரப்பில் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்ற, நடவாட்களை நடத்தும் கொத்துத் தலைவி, பொன்னுத்தாய் என்று பேர், எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த வீட்டுக்கா போறீங்க? பட்டப்பகல்னு நெனச்சுக்காதீங்க. அங்க பேய் பொழங்குது."

"யாருக்கா பாத்தது?"

"எல்லாருந்தான். கோயம்புத்தூர்க்காரங்கன்னு யாரோ குடி வந்தாங்க. ஒருத்தர்கிட்டயும் பேச்சு கிடையாது. அப்புறம் பாத்தா, மீன் வண்டி ஹாரன் அடிச்சா மட்டும் ஒரு உருவம் வெளிய வருது. வந்து நிக்குது, போயிடுது."

"பேய்க்கு மீன் ஆசை இருக்காதாக்கா?"

"ஆசைப்பட்டாப் பரவாயில்லையே பாப்பா! மீனு வேணாங்கிற பேயை எங்க பாட்டன் காலத்துலேர்ந்து யாரும் பாத்ததில்ல. அதான் பயமா இருக்கு."

நான் சிரித்துக்கொண்டேதான் மதகைத் தாண்டினேன். வாசலுக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிகிறது, மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டின் கதவைத் தட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் குளிர் தெரியும்.

"நெடுமாறன் சார் சொல்லித்தான் வந்திருக்கோம்மா," என்றார் தியாகேசன் சார். "போன்ல அவரோட பேசுங்க, அப்புறம் திறங்க."

போனை ஜன்னல் இடுக்கில் கொடுத்தோம். டி.எஸ்.பி.யோடு பேசியபிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. அரிவாள்மனையைக் கையில் பிடித்தபடி நின்ற அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பின்னால் பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் ஒரு பெண். சௌந்தரநாயகி, பூமிகா. அந்த நிஜப் பேர்களை டி.எஸ்.பி. சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

கூடத்தில் சாப்பாடு போட்டிருந்தது. இரண்டு பேர்தான் இருந்தார்கள். தட்டு மூன்று. மூன்றாவது தட்டில் சோறு, ரசம், ஒரு முழு முட்டை. யாரும் தொடவில்லை.

நான் அதைப் பார்ப்பதைப் பூமிகா பார்த்துவிட்டாள். "அண்ணனுக்கு," என்றாள். "அப்பா இருந்தா நாலு தட்டு."

என்னால் அதற்கு ஒரு வேடிக்கைப் பேச்சும் பேச முடியவில்லை.

"இடம் மாத்தணும்மா," என்றார் சார். "ஒரே வார்த்தையில உங்களைக் கண்டுபிடிச்சுட்டோம். மீன்காரர்கிட்ட பாடு எப்படின்னு கேட்டீங்க. அதைக் கேட்டிருக்கக் கூடாது."

சௌந்தரநாயகி அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"மீனுக்காகவா கேட்டேன்? எம்புள்ள இன்னும் கரை ஒதுங்கலைங்க. இந்த ஊருக்குக் கடல்லேர்ந்து வர்றது அந்த ஒரு வண்டிதான். 'பொணம் ஏதாச்சும் ஒதுங்குச்சா'ன்னு அவருகிட்டக் கேக்க முடியுமா? பேரைச் சொல்லக் கூடாது, ஊரைச் சொல்லக் கூடாது. அதான் பாடு எப்படின்னு கேட்டேன். கடல் என்ன குடுத்துச்சுன்னு கேட்டேன். அதுக்கு அவரு தினமும் ஏதோ நாய், பாடுன்னு சொல்லிச் சிரிப்பாரு. ஒண்ணும் இல்லைன்னு நானே புரிஞ்சுக்கிட்டு உள்ள வந்துடுவேன்."

சார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மட்டும் ஏதோ ஒன்று உள்ளே உறுத்தியது. டீக்கடையில் நான் சிரித்த சிரிப்புதான் அது. நான் ஏன் சிரித்தேன்?

"சார்," என்றேன். "அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. அதனாலதான் அந்தப் பதிலைக் கேட்டு நான் சிரிச்சேன்."

"அதுக்கென்ன இப்ப?"

"அவனுக்கும் தெரியலையே சார்! மூணு தலைமுறையா கடக்கரை, மீன் வியாபாரம்ங்கிறான். 'பாடு எப்படி'ன்னு கேட்டா 'நாய்படாத பாடு'ங்கிறான். உங்க ஊருல எந்த மீன்காரன் அப்படிச் சொல்லுவான்?"

தியாகேசன் சாரின் முகம் வெளிறிப்போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஒருத்தனும் சொல்ல மாட்டான்," என்றார். "அதான் அவ்வளவு மலிவா விக்கிறான். மலர், அவன் மீன் விக்க வரல. மீனவக் குடும்பத்தைப் பிடிக்க மீனையே தூண்டில்ல மாட்டி ஊர் ஊராப் போட்டிருக்காங்க. இவங்க தினமும் அதைக் கடிச்சிருக்காங்க. அந்த முட்டாளுக்கு வார்த்தை தெரியாததால கடிச்சது தெரியல."

"இப்ப தெரியும் சார்."

"எப்படி?"

"நீங்க கார்டு குடுத்தீங்களே. 'துப்பறியும் நிலையம்'னு கொட்டை எழுத்துல. அந்த ஒரு வீட்டைப் பத்தியே துருவித் துருவிக் கேட்டுட்டு."

பதில் வெளியிலிருந்து வந்தது. தூரத்தில், ஊர்ச் சாலைப் பக்கம், ரப்பர் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. சாயங்காலம் ஆகப்போகிற நேரத்தில் மீன் விற்க எவனும் வர மாட்டான்.

சார் நெடுமாறனைக் கூப்பிட்டார். மன்னார்குடியிலிருந்து ஜீப் புறப்படும், வந்து சேரும்வரை எப்படியாவது சமாளியுங்கள் என்றார் அவர். ஊருக்குள் வருகிற ஒரே சாலையில்தான் ஹாரன் வந்துகொண்டிருந்தது. பின்பக்கம் கருவேலங்காடு, அதைத் தாண்டி வெட்டவெளி. ஓடினால் ஒரு மைலுக்குத் தெரியும். சார் முன்பக்கம் பூட்டைப் போட்டார். நாங்கள் கொல்லை வழியாக இறங்கி, வாய்க்காலை இடுப்புத் தண்ணீரில் கடந்து, நடவு வயலின் வரப்பில் ஏறினோம்.

"அக்கா," என்றேன் பொன்னுத்தாயிடம், மூச்சு வாங்க. "இவங்க ரெண்டு பேரையும் வரிசையில சேத்துக்குங்க. தேடி வர்றவங்க கொலைகாரப் பாவிங்க."

பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒருத்தி, "ஐயோ, அந்த வீட்டு உருவம்," என்று இரண்டடி பின்னால் போனாள். பொன்னுத்தாய் மட்டும் நகரவில்லை. சௌந்தரநாயகியைத் தலையிலிருந்து பாதம்வரை பார்த்தார். ஈரச்சேலைக்குக் கீழே கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"கால் இருக்குடி. பேய்க்கு ஏது கால்? மனுசிதான். சட்டையைக் கழட்டிக் குடு, சீக்கிரம்!"

யாருடைய சட்டை யாருக்கு வந்தது என்று தெரியாது. தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, முழங்கால்வரை சேறு. அம்மாவும் மகளும் வரிசைக்கு நடுவில், நான் அவர்களுக்கு இடையில். கிராமத்தில் பிறந்தவள் நான், நடவு தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

"மூணு நாத்தா பிரிங்க. கட்டைவிரலால அமுக்குங்க. பின்னாலயே நகருங்க. என்ன ஆனாலும் நிமிராதீங்கம்மா."

துப்பறியும் நிபுணர் தியாகேசன் பேண்ட்டைக் கழற்றிவிட்டு யாரோ கொடுத்த கைலியைக் கட்டிக்கொண்டு, தலையில் நாற்றுமுடிகளைச் சுமந்து நின்றார். அதிலிருந்து வழிந்த சேற்றுத் தண்ணீர் மூஞ்சியை மறைத்துவிட்டது. அவரைப் பெற்ற தாயே அடையாளம் சொல்ல மாட்டாள்.

மொபெட்டும் அதன் பின்னால் ஒரு வெள்ளைக் காரும் மதகடியில் நின்றன. எங்கள் ஸ்கூட்டரைக் காலால் ஒருவன் தள்ளினான். செல்லத்துரையும் இன்னும் இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். பூட்டு உடைகிற சத்தம். பாத்திரம் உருளுகிற சத்தம். என் பக்கத்தில் சௌந்தரநாயகியின் கை ஒரு கணம் நின்றது. எந்தத் தட்டு உருண்டது என்றுதான் நினைத்திருப்பார்.

அவர்கள் திரும்பி வந்து வரப்பில் நின்றார்கள். நான் அவர்களுடைய செருப்பை மட்டும் பார்த்தேன்.

"ஏய், அந்த வீட்டுல இருந்தவங்க எங்க?"

"அந்த வீட்டுலயா?" என்றார் பொன்னுத்தாய், வெற்றிலையைத் துப்பிவிட்டு. "அங்க மனுசங்க யாருய்யா இருக்கா? பேய்தான் இருக்கு. ஊருல யாரை வேணா கேட்டுப் பாரு."

"விளையாடுறியா?"

"எனக்கு நாத்து வாடுது, உங்கூட என்ன விளையாட்டு? கதவை வேற உடைச்சு விட்டுட்டீங்க. இனிமே அது ஊருக்குள்ள வந்தா நீதான் பூசாரியைக் கூட்டியாரணும்."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பயத்தில் வந்த சிரிப்புதான், ஆனால் நன்றாகவே உதவியது. வந்தவர்கள் தயங்கினார்கள். அப்போது செல்லத்துரை சொன்னான், "ஹாரன் அடிச்சா வந்துடுவாண்ணே. எங்க இருந்தாலும் வருவா."

மொபெட்டுக்குப் போய்க் குமிழை அழுத்தினான். விட்டு விட்டு அழுத்தினான். வயல் முழுக்க அந்தச் சத்தம் பரவியது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சௌந்தரநாயகியின் முதுகு என் தோளோடு உரசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் அந்த முதுகு துள்ளியது. தினமும் அந்தச் சத்தத்துக்கு எழுந்து போன கால்கள். அவர் எழவில்லை. நாற்றைப் பிரித்தார், அமுக்கினார், பின்னால் நகர்ந்தார். அவர் நட்டது பாதிக்கு மேல் சாய்ந்து மிதந்தது. வயல் தெரிந்த எவனும் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பான். நல்லவேளை, செல்லத்துரைக்குக் கடலும் தெரியாது, வயலும் தெரியாது.

"தப்பிச்சுட்டாளுங்க," என்றான் வந்தவர்களில் ஒருவன். மற்றவன் போனை எடுத்தான். "பரவாயில்லை. கையில கிடைச்சுட்டாங்கன்னே சொல்லிடு. அந்தச் சாட்சிக் கிழவனுக்கு எப்படித் தெரியப்போகுது?"

காரும் மொபெட்டும் கிளம்பின. சத்தம் தேய்கிறவரை ஒருவரும் நிமிரவில்லை. பூமிகாதான் முதலில் அழுதாள். பக்கத்தில் இருந்த பெண் சேற்றுக் கையாலேயே அவளை அணைத்துக்கொண்டாள்.

தியாகேசன் சார் நாற்றுமுடிகளை இறக்கிவிட்டு சௌந்தரநாயகி முன்னால் வந்து நின்றார். "என் அவசரத்தாலதான் வந்தது இது. மன்னிச்சுக்குங்கம்மா," என்றார். அவர் மன்னிப்புக் கேட்டு நான் கேட்டதே இல்லை. அந்த அம்மா அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

போன் அடித்தது. நெடுமாறன். சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"காரையும் மொபெட்டையும் வடுவூர்கிட்ட மடக்கிட்டோம். ஆனா அதுக்குள்ள எவன் மூலமோ ஜெயபாலுக்குச் சேதி போயிடுச்சு, பொண்டாட்டியும் பொண்ணும் எங்க கையிலன்னு. மனுசன் சுவத்துல தலையை முட்டிக்கிறார். 'நான் எதையும் பாக்கல, எனக்கு மகனே கிடையாது'ன்னு சொல்றார். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறார். அவங்களைப் பேசச் சொல்லுங்க, உடனே."

சௌந்தரநாயகி சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். வயலில் எல்லோரும் அப்படியே நின்றோம்.

"ஏங்க. நான்தான். அழாதீங்க, நான்தான் பேசறேன். பூமிகா பக்கத்துல நிக்கிறா. எங்களை ஒருத்தனும் தொடல. நாங்க நடவு வயல்ல, சேத்துக்குள்ள நிக்கிறோம்."

மறுமுனையில் ஒரு ஆம்பளை குலுங்கிக் குலுங்கி அழுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"கேளுங்க. மகனே கிடையாதுன்னு சொன்னீங்களாமே? ரெண்டு பேரும் சேந்துதான் அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தோம், மாசியிலேர்ந்து. எனக்கு ஒரு பொண்ணு மட்டும்னு ஊருக்கு ஊரு சொன்னேன். அவன் பேரை வீட்டுக்குள்ளகூட நாம வாய்விட்டுச் சொல்லல. பேரு சொல்லாத புள்ள எப்படிங்க கரைக்கு வருவான்? நாளைக்குக் கூண்டுல ஏறினதும் மத்ததெல்லாம் அப்புறம் சொல்லுங்க. மொதல்ல அவன் பேரைச் சொல்லுங்க. என் மகன் இளவழகன்னு சொல்லுங்க. இப்ப எங்கிட்டச் சொல்லுங்க, பாப்போம்."

அழுகை நின்றது. பிறகு அந்தச் சின்னப் போனிலிருந்து உடைந்த குரலில் அந்தப் பேர் வந்தது.

சௌந்தரநாயகி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கேக்கல," என்றார். "இன்னும் சத்தமாச் சொல்லுங்க."